ஒரு ஆண்டர்சன், மூன்று பட்டியல்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவிலோ இல்லினாயிலோ வாழும் ஒருவர், தன் கொள்ளுத்தாத்தா சுவீடனிலிருந்து வந்தவர் என்று கேள்விப்பட்டிருப்பார். ஆர்வம் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவின் பதிவுகளை இணையத்தில் திறந்து 'ஜான் ஆண்டர்சன்' என்று தட்டுவது. ஒன்று, எண்ண முடியாத அளவுக்கு ஜான் ஆண்டர்சன்கள் வந்து விழுவார்கள். இல்லையென்றால், வயதும் ஆண்டும் பொருந்துகிற ஒருவர்கூட இருக்க மாட்டார். அப்புறம் வழக்கமான இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்: 'பதிவெல்லாம் தீயில் எரிந்துபோச்சு', அல்லது 'எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்'.

முதல் கதை பாதி உண்மை. இரண்டாவது அதுகூட இல்லை. அவர் தோற்றதற்குக் காரணம், கப்பல் பட்டியலைத் தேடலின் தொடக்கமாக எடுத்துக்கொண்டதுதான். அது சங்கிலியின் நடுவில் இருக்கும் கண்ணி. அதற்கு முன்னால் சுவீடன் கிராமத்துத் தேவாலயத்தின் ஏடு ஒன்று இருக்கிறது, துறைமுகத்துப் போலீஸ் எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டால், தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

யார் போனார்கள், எத்தனை பேர்

1840களில் தொடங்கி 1930 வரை சுமார் 13 லட்சம் சுவீடன்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1900இல் சுவீடனின் மொத்த மக்கள்தொகையே 51 லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று புரியும். 1867-69இல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1862இல், குடியேறிகளுக்கு நிலம் தரும் சட்டத்தை அமெரிக்கா போட்டிருந்தது. கல்லும் காடுமான ஸ்மோலாண்ட் பகுதியில் ஒரு துண்டு நிலத்தை ஏழு பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க முடியாமல் தவித்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1880களில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள்.

எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1 அன்று. ஆகவே சுவீடன்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எல்லிஸ் தீவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பெயர் என்ற பொறி

நம்மூரில் ஆறுமுகத்தின் மகன் செல்வம், ஆ. செல்வம். அமெரிக்கா போனதும் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். அப்பா பெயரைப் போடுவார், செல்வம் ஆறுமுகம் ஆகிவிடுவார். அடுத்த தலைமுறையில் பேரன் பேத்திகளுக்கும் ஆறுமுகமே குடும்பப் பெயர். சுவீடன் கிராமத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், நம் ஆ. செல்வம் போல, ஒவ்வொருவரும் தன் அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டர்ஸ் என்பவரின் மகன் யோஹானஸுக்கு 'ஆண்டர்சன்' என்று பெயர். 'சன்' என்றால் மகன். மகள் என்றால் 'ஆண்டர்ஸ்டாட்டர்'. கடைசிப் பகுதிக்கு மகள் என்று பொருள். யோஹானஸின் பிள்ளைகள் ஆண்டர்சன் ஆக மாட்டார்கள், யோஹான்சன் ஆவார்கள். அப்பா பெயரிலிருந்து பிறக்கும் இப்படிப்பட்ட பெயரைத் தந்தைவழிப் பெயர் என்போம். தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால் இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக முடியாது.

இதோடு ராணுவமும் சேர்ந்துகொண்டது. ஒரே படைப்பிரிவில் ஐந்து ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் நின்றால் எவனைக் கூப்பிடுவது? அதனால் சிப்பாய்க்குச் சுருக்கமான ஒரு பெயரை வைத்தார்கள்: ராஸ்க், அதாவது சுறுசுறுப்பு, மூடிக், துணிச்சல், ஸ்டோல், எஃகு. சிப்பாயின் பிள்ளைகளில் சிலர் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் தந்தைவழிப் பெயருக்குத் திரும்பினார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி அமெரிக்காவில் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பதைப் பார்த்தால் சண்டை என்று நினைக்க வேண்டாம்.

கடல் தாண்டிய பிறகு யோஹானஸ் ஜான் ஆனார், கார்ல் சார்லஸ் ஆனார், நில்சன் நெல்சன் ஆனார். சுவீடிஷ் எழுத்துமுறையில் ஆண்டர்சன் என்ற பெயருக்கு இரண்டு 'எஸ்' உண்டு; அமெரிக்காவில் ஒன்று உதிர்ந்துபோனது. 'ஏ' எழுத்தின் தலையில் சிறு வட்டம் போட்ட சுவீடிஷ் எழுத்து ஒன்று உண்டு; அதன் ஒலி கிட்டத்தட்ட 'ஓ'. வட்டம் தொலைந்ததும் சிலர் அதை 'ஏ' என்றே எழுதினார்கள், சிலர் ஒலியைப் பார்த்து 'ஓ' என்று எழுதினார்கள். ஒரே குடும்பம் அகரவரிசையின் இரண்டு மூலைகளில் போய் உட்கார்ந்தது இப்படித்தான். பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். ஆண்டர்ஸ்டாட்டராகக் கப்பலேறியவர் அண்ணனைப் பார்த்து ஆண்டர்சன் ஆகியிருப்பார், கல்யாணமானதும் அதுவும் மாறியிருக்கும்.

சரி, இதுவரை வந்ததைத் திரட்டிக்கொள்வோம். பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கடைசிவரை மாறாதவை இரண்டு: பிறந்த தேதி, பிறந்த பங்கு. பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்களும் பண்ணைகளும்.

போதகரின் ஏடு: முதல் பட்டியல்

சுவீடனில் லுத்தரன் திருச்சபை அரசாங்கத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. போதகர் தன் பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டாரையும் கூப்பிட்டு, வேதம் வாசிக்கத் தெரிகிறதா, ஞானோபதேசம் மனப்பாடமா என்று பரீட்சை வைப்பார். அதைக் குறித்துவைக்க ஒரு பெரிய நோட்டு இருந்தது. இதைக் குடும்பத் தேர்வு ஏடு என்று வைத்துக்கொள்வோம். பரீட்சைக்காக வந்த நோட்டு போகப்போக ரேஷன் கார்டு மாதிரி ஆனது. ஒரு பண்ணைக்கு ஒரு பக்கம். அதில் அப்பா, அம்மா, பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, பிறந்த ஊர், எங்கிருந்து வந்தார், எங்கே போனார். அம்மை குத்தியாயிற்றா என்பதுகூட இருக்கும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உலகில் வேறெங்கும் இப்படியொரு வசதி வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பங்கை விட்டுப் போக வேண்டுமென்றால் போதகரிடம் இடப்பெயர்வுச் சான்று வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குகிற மாதிரிதான். பக்கத்து ஊர்ப் பண்ணைக்கு வேலைக்குப் போனாலும் இதே சான்றுதான், அமெரிக்காவுக்குப் போனாலும் இதேதான். போதகர் ஏட்டில் அவர் பெயர் மேல் ஒரு கோட்டை இழுத்து, ஓரத்தில் தேதியும் 'வட அமெரிக்கா' என்பதும் எழுதுவார்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் பயந்து நழுவிய இளைஞர்கள் போதகரிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். அவர்கள் பெயர் பல ஆண்டு ஏட்டிலேயே கிடக்கும்; பிறகு எப்போதாவது 'காணவில்லை' என்று தனிப் பட்டியலுக்கு மாறும்.

இந்த ஏடுகளின் படங்களை சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் இணையத்தில் இலவசமாகவே பார்க்க விட்டிருக்கிறது. ஆனால் ஏடு பங்குவாரியாக இருக்கிறது. பங்கு தெரியாமல் உள்ளே போவது, ஊர் தெரியாமல் 'முருகன் வீடு எது' என்று கேட்பதற்குச் சமம்.

துறைமுகத்துப் போலீஸ்: இரண்டாவது பட்டியல்

கூட்டம் பெருகியதும் ஏஜெண்டுகளும் பெருகினார்கள். கப்பல் கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய் டிக்கெட் விற்கும் இவர்களில் ஏமாற்றுக்காரர்களும் இருந்தார்கள். 1869இல் சுவீடன் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி ஏஜெண்ட் ஒவ்வொரு பயணியோடும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். எந்த வழி, எந்த ஊர் வரை, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் போலீஸ் அதைச் சரிபார்க்க வேண்டும். இந்த ஒப்பந்தங்களை வைத்துப் போலீஸ் எழுதியதுதான் புறப்பாட்டுப் பட்டியல். ஆளின் பெயர், வயது, சொந்த ஊர், போகும் இடம், புறப்பட்ட நாள் ஆகியவை இதில் கிடைக்கும். கோத்தன்பர்க் துறைமுகத்துக்கு 1869 முதலும் மால்மோவுக்கு 1874 முதலும் இப்படிப் பட்டியல்கள் இருக்கின்றன. கணினியில் பெயர் போட்டுத் தேடவும் முடியும்.

பயணியைக் காப்பாற்றப் போட்ட விதி, நூற்றைம்பது வருடம் கழித்துப் பேரன் பேத்திகளுக்குப் பயன்படுகிறது. 1869க்கு முன்னால் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களில் பலர், சுவீடன் இரும்பை ஏற்றிக்கொண்டு போன பாய்மரச் சரக்குக் கப்பல்களில், இரும்புக்கு மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயணம் செய்தவர்கள்.

ஒரே பயணம், இரண்டு கப்பல்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் துபாய் போகிறார். டவுன் பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு விமானம். துபாய் விமான நிலையத்தில் போய் அந்த டவுன் பஸ்ஸின் நம்பரைச் சொல்லி 'இதில் வந்தவர் யார்' என்று கேட்டால் என்ன ஆகும்? சுவீடன் கப்பல் பதிவுகளில் ரொம்பப் பேர் செய்வது அதைத்தான்.

1860களின் நடுவிலிருந்து முதல் உலகப் போர்வரை, கோத்தன்பர்க்கில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு நேராகப் போகவில்லை. வில்சன் கம்பெனியின் சிறிய நீராவிக் கப்பல் அவர்களை இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும். ரோமியோ, ரொல்லோ, ஆர்லாண்டோ என்றெல்லாம் அந்தக் கப்பல்களுக்குப் பெயர். வட கடலைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். வந்து இறங்கும் குடியேறிகளின் கூட்டத்துக்காகவே ஹல் ரயில் நிலையத்தில் 1871இல் தனிக் காத்திருப்பு மண்டபம் கட்டினார்கள். அங்கிருந்து ரயில் இங்கிலாந்தைக் குறுக்கே தாண்டி மேற்குக் கரை லிவர்பூலுக்குப் போகும். லிவர்பூலில் சில நாள் தங்கல். அதன் பிறகுதான் குனார்ட், ஒயிட் ஸ்டார், இன்மன் போன்ற கம்பெனிகளின் பெரிய கப்பல். அட்லாண்டிக்கைத் தாண்ட நீராவிக் கப்பலுக்குப் பத்து நாள், கொஞ்சம் கூடக்குறைய.

முதல் சிறிய கப்பலை இணைப்புக் கப்பல் என்றும் இரண்டாவதைக் கடல்தாண்டும் கப்பல் என்றும் சொல்வோம். கோத்தன்பர்க் பட்டியலில் 'ரோமியோ' என்று இருந்தால் அது இணைப்புக் கப்பல். நியூயார்க் பட்டியலில் ரோமியோவை எத்தனை தடவை தேடினாலும் வராது, ஏனென்றால் அது அங்கே போனதே இல்லை. தேட வேண்டியது தேதியை. கோத்தன்பர்க்கில் புறப்பட்ட நாளோடு இரண்டு முதல் மூன்று வாரம் கூட்டிக்கொண்டு, அந்த இடைவெளியில் லிவர்பூலிலிருந்து வந்த கப்பல்களைப் பார்க்க வேண்டும்.

கோத்தன்பர்க்குக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு சுவீடன் கம்பெனி நேரடிக் கப்பல் ஓட்டத் தொடங்கியது 1915இல்தான். அதற்குள் பெரிய அலை ஓய்ந்துவிட்டது.

ஆக, ஆள் ஒருவர், பயணம் ஒன்று, கப்பல் இரண்டு, பட்டியலும் இரண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது கப்பலின் பெயர் அல்ல, நாட்காட்டி.

அமெரிக்கக் கரை: மூன்றாவது பட்டியல்

1819இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலின் கேப்டன், பயணிகளின் பட்டியலைத் துறைமுகச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 1820 முதல் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. கப்பல்காரர் தரும் இந்தப் பட்டியலை மேனிஃபெஸ்ட் என்பார்கள். ஆரம்ப காலத்தில் இது ரொம்பக் கஞ்சத்தனமான பட்டியல்: பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், நாடு. சொந்த ஊர் என்ற இடத்தில் வெறும் 'சுவீடன்' என்று மட்டும் இருக்கும். 1893 சட்டத்துக்குப் பிறகு கேள்விகள் கூடின. கடைசியாக வாழ்ந்த ஊர் எது, டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், கையில் எவ்வளவு இருக்கிறது, முன்பு அமெரிக்காவில் இருந்தது உண்டா, யாரிடம் போகிறாய், அவர் முகவரி என்ன. 1907 வாக்கில் பிறந்த ஊரும், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் சேர்ந்தன. 1907க்குப் பிறகு வந்தவரைத் தேடுகிறவர் கொடுத்துவைத்தவர்.

இப்போது அந்த இரண்டு கதைகளுக்கு வருவோம்.

நியூயார்க்கில் 1855 முதல் 1890 வரை குடியேறிகள் இறங்கிய இடம் காசில் கார்டன். மாநில அரசு அதை நடத்தியது. அதன் பிறகு கொஞ்ச காலம் வேறொரு கட்டடம், அப்புறம் எல்லிஸ் தீவு. 1897 ஜூனில் எல்லிஸ் தீவின் மரக் கட்டடங்கள் எரிந்தபோது, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த காசில் கார்டன் நிர்வாகத்தின் பதிவேடுகள் சாம்பலானது நிஜம். ஆனால் கேப்டன்கள் சுங்கத்திடம் கொடுத்த பட்டியல்கள் வேறிடத்தில் இருந்தன, தப்பித்தன. ஒரே வீட்டுப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருப்பது போல. எனவே 1880இல் வந்தவரின் பதிவு எரிந்துபோனது என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

பெயர் மாற்றிய கதை இதைவிடச் சுலபமாக உடையும். மேனிஃபெஸ்ட் எல்லிஸ் தீவில் எழுதியதல்ல. பயணி கப்பலேறும் ஊரிலேயே, கம்பெனி எழுத்தர் எழுதியது. எல்லிஸ் தீவு அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு கேள்வி கேட்டு டிக் அடித்தார், அவ்வளவே. லிவர்பூல் எழுத்தருக்கு சுவீடிஷ் பெயர் காதில் சரியாக விழாமல் எழுத்துப் பிழை வந்திருக்கலாம். மற்றபடி, பெயரை மாற்றிக்கொண்டது அவரவரே. வேலைக்குச் சேர்ந்தபோதோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோதோ, ஒரே தபால் பெட்டிக்கு நான்கு ஆண்டர்சன்கள் சண்டை போட்டபோதோ.

வேறு வாசல் வழியே போனவர்கள்

கோத்தன்பர்க் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சொந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். தெற்கே ஸ்கோனே பகுதிக்காரருக்கு மால்மோவும், கடல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கோபன்ஹேகனும் பக்கம். டென்மார்க் போலீஸும் அதே காலத்தில் இப்படிப் பட்டியல் எழுதியது. மேற்கே வெர்ம்லாண்ட்காரர் நார்வேயின் கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ வழியாகப் போயிருக்கலாம். ஹாம்பர்க் வழியாகப் போனவர்களும் உண்டு. சொல்லாமல் கிளம்பிய ராணுவ வயது இளைஞருக்குப் பக்கத்து நாட்டுத் துறைமுகம் ரொம்பச் சௌகரியம்.

இறங்கிய இடமும் நியூயார்க்காகவே இருக்க வேண்டியதில்லை. பாஸ்டன், பிலடெல்பியா, கனடாவின் கியூபெக் எல்லாம் உண்டு. கியூபெக்கில் இறங்கி ஏரிகள் வழியாகவும் ரயிலிலும் மேற்கே போனவர் பெயர் அமெரிக்கத் துறைமுகப் பட்டியல் எதிலும் இருக்காது. கனடாவின் பட்டியல்கள் 1865 முதல் கிடைக்கின்றன.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவிலிருந்து, அதுவும் ஆள் செத்த இடத்திலிருந்து. ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். இல்லினாயில் ஒரு சிற்றூரில் ஜான் ஆண்டர்சன் என்ற விவசாயி புதைக்கப்பட்டிருக்கிறார். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வந்த ஆண்டு' என்ற கேள்வி இருக்கிறது. அவர் 1882 என்று சொல்லியிருக்கிறார். ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும், இருபது வருடம் கழித்து யாருக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கும்? அடுத்தது அவர் போன தேவாலயம். சுவீடன் குடியேறிகள் 1860இல் அமெரிக்காவில் அகஸ்டானா என்ற லுத்தரன் சபையைத் தொடங்கினார்கள். அங்கே வந்த போதகர்கள் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. உறுப்பினரின் பிறந்த தேதியையும் சுவீடன் பங்கையும் ஏட்டில் எழுதினார்கள். இந்த ஏடுகள் பலவற்றின் மைக்ரோஃபிலிம், இல்லினாயின் ராக் ஐலண்டில் அகஸ்டானா கல்லூரியின் ஸ்வென்சன் ஆய்வு மையத்தில் இருக்கிறது. இங்கே ஜானின் பிறந்த தேதி கிடைத்தது. ஸ்மோலாண்டில் வெக்ஷோ நகருக்குப் பக்கத்தில் ஒரு பங்கின் பெயரும் கிடைத்தது.

இப்போது கப்பலை விட்டுவிட்டு நேராக அந்தப் பங்கின் குடும்பத் தேர்வு ஏட்டுக்குப் போகலாம். அந்தத் தேதியில் பிறந்தவர் யோஹானஸ், ஆண்டர்ஸ் மகன். பெயர் மேல் கோடு. ஓரத்தில் 1882 ஏப்ரல், வட அமெரிக்கா. கோத்தன்பர்க் பட்டியலில் அதே மாதம் அந்த ஊர்க்காரர் யோஹானஸ் ஆண்டர்சன், போகும் இடம் சிகாகோ. அவருக்கு மேலும் கீழும் அதே பங்கிலிருந்து இரண்டு பேர்; பலர் தனியாகக் கிளம்புவதில்லை, ஊர்க்காரர்களோடு சேர்ந்தே போவார்கள். அந்த மூன்று பெயரையும் மனதில் வைத்துக்கொண்டு மே மாத நியூயார்க் பட்டியல்களைப் புரட்டினால், லிவர்பூல் கப்பல் ஒன்றில் அடுத்தடுத்த வரிகளில் மூவரும் வருவார்கள். ஒருவர் பெயரில் பிழை, ஒருவர் வயதில் இரண்டு வருடம் தப்பு. இருந்தாலும் மூவரும் ஒன்றாக இருப்பதால் சந்தேகமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஆள் இரண்டு முறை வந்ததாகப் பட்டியல் காட்டினால் மிரள வேண்டாம். போனவர்களில் ஐந்தில் ஒருவர் சுவீடனுக்குத் திரும்பினார். அவர்களிலும் சிலர், கொஞ்ச நாள் ஊரில் இருந்து பார்த்துவிட்டு மறுபடியும் கப்பலேறினார்கள். திரும்பி வந்தவரைப் போதகர் மீண்டும் ஏட்டில் சேர்த்து 'வட அமெரிக்காவிலிருந்து வந்தவர்' என்று எழுதுவார். 1893க்குப் பிந்தைய மேனிஃபெஸ்ட் என்றால் 'முன்பு அமெரிக்காவில் இருந்தது உண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றிருக்கும். பக்கத்திலேயே எந்த ஊர், எந்த ஆண்டு என்பதும் இருக்கும்.